ஞாயிறு மட்டும் விழும் அருவி

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கழுத்துப் பிடிப்பு மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் சளி எப்படி? அந்த ஈரத்தில் காதை மூடாமல் திரிந்தால் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? கம்பளித் தொப்பி பின்னி அனுப்பினேனே, அதைத் தலையில் போடுகிறாயா, இல்லை அதில் வெங்காயம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாயா?

ஒரு நல்ல சேதி. எங்கள் தையல் யூனிட்டில் இந்த வருடம் எல்லோரையும் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள். எங்கே என்று நினைக்கிறாய்? உன் அருவிக்குத்தான். ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது அந்த நகரம், அங்கிருந்து காட்டு வாசல் பக்கம்தானாம். பள்ளிச் சீருடை ஆர்டரை அனுப்பி முடித்ததும், மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். கட்டிங் மேசையில் நின்று நின்று மரத்துப்போன என் கால்கள் இப்போதே துள்ளுகின்றன.

நீ அங்கே வேலைக்குப் போய் இத்தனை வருடமாகியும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு எப்படியாவது கீழே இறங்கி வந்துவிடு. உன்னிடம் நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும். கடிதத்தில் எழுதுகிற விஷயமில்லை. போனில் பேசலாம் என்றால் உன் மலைக்கும் சிக்னலுக்கும் ஜென்மப் பகை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

தம்பி வணக்கம். சளி போய்விட்டது. தொப்பியை நான்தான் போடுகிறேன். வெங்காயத்துக்குத் தனிப் பை இருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் ஜீப் போன வாரம் வரவில்லை, அதனால்தான் இந்தப் பதில் தாமதம்.

நீ விவரம் தெரியாமல் கூப்பிடுகிறாய். இந்த அருவி தானாக விழுவதில்லை அக்கா. உச்சியில் தடுப்பணை கட்டி, தண்ணீரையெல்லாம் குழாய் வழியாக மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வாரநாளில் பாறை காய்ந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காப்புக்காட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்பதால் அன்று மட்டும் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரை விட வேண்டும். தூக்குகிற ஆள் நான். காலையில் சக்கரத்தைச் சுற்றித் திறந்தால், சாயங்காலம் மூடும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கீழே பார்வை மேடைக்கு நடந்து இறங்கவே அரை நாள் பிடிக்கும். நான் உன்னைப் பார்க்க வந்தால் நீ பார்க்க அருவி இருக்காது. கீழே ஜனங்கள் இயற்கையின் அழகு என்று கைதட்டும்போது, மேலே நின்று குனிந்து வணக்கம் போடலாமா என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ஒன்று செய்யலாம். விளிம்பில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. சரியாகப் பதினொரு மணிக்கு அதன்மேல் ஏறிச் சிவப்புத் துண்டை ஆட்டுகிறேன். நீ தெரிகிற மாதிரி எதையாவது கொண்டு வா. வனத்துறைக்காரர்களின் பைனாகுலர் என்னிடம் இருக்கிறது.

என் பக்கமும் ஒரு சேதி உண்டு. இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். இந்த வருடம் அக்கா வேலையை விட்டதும் என்னோடு வந்து இருக்கப் போகிறாள் என்று எஞ்சினியரிடம் சொல்லி வாங்கினேன். உன் அறைக்கு ஜன்னல் பெரிது. உன் கை மெஷினை வைக்க ஜன்னலோரம் ஒரு பலகை அடித்திருக்கிறேன். வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும். நீ அப்படித்தானே கேட்பாய்?

நேரில் பேச வேண்டிய விஷயம் என்ன? எழுதித் தொலையேன்.

தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. குவார்ட்டர்ஸ் கிடைத்த சேதி படித்தேன். பலகை சேதியும் படித்தேன். எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாய். கையில் ஆணி குத்திக்கொள்ளவில்லையே?

மஞ்சள் குடை கொண்டு வருகிறேன். எங்கள் யூனிட்டில் வேறு யாரிடமும் அந்த நிறம் இல்லை. பஸ்ஸில் நாற்பது பேர் வருகிறோம். கட்டிங், தையல், பட்டன், இஸ்திரி எல்லாரும் உண்டு. மெஷின் பார்க்கிற மெக்கானிக்கும் வருகிறார். சட்டைப் பையில் எப்போதும் எண்ணெய்க் குப்பியோடு அலைவதால் பெண்கள் அவருக்கு ஆயில்கேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர். வழியில் பஸ் நின்றுபோனால் பார்த்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் தைரியம். பஸ்ஸுக்கும் தையல் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார், எல்லோரும் சிரித்தோம். பெரிதாகப் பேச மாட்டார், ஆனால் பேசினால் சிரிப்பு வரும். சரி, அதை விடு.

நேரில் பேச வேண்டியதை நேரில் பேசிக்கொள்ளலாம். அவசரமில்லை. அன்றைக்குப் பார்க்க முடியாவிட்டால் என்ன, நீ லீவு எடுத்து வராமலா போவாய்?

பாறை விளிம்பில் ஏறுகிறேன் என்கிறாயே, வழுக்காதா? துண்டை ஆட்டுகிற உற்சாகத்தில் அருவியோடு நீயும் இறங்கி வந்துவிடாதே.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

நான் சுகம். நீ நனைந்தாயே, காய்ச்சல் ஏதும் இல்லையே?

அன்றைக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். வழக்கமான அளவுக்குத்தான் திறந்தேன். பிறகு சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டது. தண்ணீர் ஒரேயடியாக இறங்கியதும் சாரல் எழும்பி மேடை முழுக்க மூடிக்கொண்டது. காவலர் விசில் ஊதி உங்களையெல்லாம் பின்னால் விரட்டியதும், நீங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடியதும் அவர் சொல்லித்தான் தெரியும். எஞ்சினியர் விளக்கம் கேட்டார். சக்கரம் இறுகிக் கிடந்தது என்று சொன்னேன்.

பதினொரு மணிக்குப் பாறையில் நின்றேன். துண்டையும் ஆட்டினேன். உனக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

குடை எனக்கு நன்றாகவே தெரிந்தது. குடைக்குக் கீழே நான்கு கால்கள் இருந்தன. குடையைப் பிடித்திருந்தது நீ இல்லை. யார் அது?

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் இல்லை. ஒரு நாள் தும்மினேன், அவ்வளவுதான். துண்டு தெரிந்தது. ஒரு நொடிதான், ஒரு சிவப்புப் பொட்டு மாதிரி. கையைத் தூக்குவதற்குள் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வானமே உடைந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. பெண்கள் எல்லாம் கத்திச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சக்கரம் இறுகிக் கிடந்தது என்று எஞ்சினியரிடம் சொல். என்னிடம் சொல்லாதே. உனக்கு முகம் கழுவிவிட்டு வளர்த்தவள் நான். பிடிக்காததைப் பார்க்க நேர்ந்தால் சின்ன வயதில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாய். இப்போது உன் கையில் அருவி இருக்கிறது.

நேரில் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன். குடை பிடித்தவர்தான் நான் எழுதிய மெக்கானிக். மனைவி இறந்து வெகு நாளாகிவிட்டது. ஒரே மகள், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். ஒரு வருடமாக எங்கள் கட்டிங் மெஷினுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. அவர் வருவார், திறப்பார், மூடுவார், ஒன்றுமில்லை என்பார், மறுநாளும் வருவார். பட்டன் தைக்கிற பெண்களுக்கு எனக்கு முன்பே விளங்கிவிட்டது. போன வருடக் கடைசியில் என்னிடம் கேட்டார். "உங்களுக்குச் சம்மதம்னா பதிவு பண்ணிக்கலாம். இல்லைன்னா மெஷின் பார்க்க மட்டும் வர்றேன்" என்றார். எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. இந்த வயதில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உன்னைக் கேட்காமல் சரி சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பிறகு நீ ஜன்னலையும் பலகையையும் பற்றி எழுதினாய். அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது நீ ஒருவன்தான். உன் மனதில் இருப்பதை எழுது.

அக்கா


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உடம்பு சரியாக இருக்கிறதா? ஜீப் நான்கு தடவை போய்வந்திருக்கும். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மின்நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆள் நலம், ஷட்டர் வேலை நடக்கிறது என்றார்கள். நீ நலம் என்பதை யாரோ ஒரு கிளார்க் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோபம் என்றால் திட்டி எழுது. திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

சுகம். வேலை அதிகம். ஷட்டருக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம்.

நீ எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒன்றுமில்லை. உன் இஷ்டம். பெரிய குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய ஒற்றை அறைக்கே போகலாம் என்று இருக்கிறேன். ஓர் ஆளுக்கு அது போதும்.

தம்பி


மே 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் இஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். சாப்பிட வா என்று கூப்பிட்டால் பசிக்கவில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாயே, அந்தக் குரல் அதில் கேட்கிறது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பழியை மட்டும் என் தலையில் வைத்துவிட்டாய்.

நேற்று அவரைக் கூப்பிட்டு, வேண்டாம், என் தம்பியோடு போய் இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்காதே. நான் வருகிறேன். சமைத்துப் போடுகிறேன், துணி தைக்கிறேன், உன்னோடு உட்கார்ந்து பாறையைப் பார்க்கிறேன். முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ள மட்டும் என்னால் முடியாது, அதை எதிர்பார்க்காதே.

  அவர் அருவியில் தண்ணீர் விடாத நாள் எது என்று மட்டும் கேட்டார். ஞாயிறு தவிர எல்லா நாளும் என்றேன். எதற்குக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டுவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உன் கழுத்துப் பிடிப்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

போன புதன்கிழமை மெக்கானிக் இங்கே வந்தார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று தெரியும். ராத்திரி பஸ்ஸில் வந்து, காட்டு வாசலிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறார். வாசலில் காவலர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஷட்டர்காரரைப் பார்க்க என்று இவர் சொன்னார். "என்ன உறவு?" என்று கேட்டதும், மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். காவலரும் நம்பி விட்டுவிட்டார். அந்த எண்ணெய்க் குப்பியைப் பார்த்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

மூச்சு வாங்க வந்து நின்றவரை வாங்க என்றேன்.  அவர் உன் பேச்சையே எடுக்கவில்லை. காய்ந்து கிடந்த பாறையை எட்டிப் பார்த்தார். ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். இறுகிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேனே, இவ்வளவு லேசாகச் சுற்றுகிறதே என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டீ போட உள்ளே கூட்டிப் போனேன். நான் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் ஜன்னலோரப் பலகைக்குப் பக்கத்தில் நின்று சாண் வைத்து அளந்தார். "இது அகலம் பத்தாது. அவங்க மெஷினைத் திருப்பி வச்சா கைப்பிடி சுவத்துல இடிக்கும்" என்றார். சொன்ன பிறகுதான், யாருக்காக அளக்கிறோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.  டீயைக் குடித்தார். பிறகு, "உங்க அக்கா சொன்னது சரிதான். அவங்களுக்கு நீங்கதான் முதல்ல. எனக்கு உங்க மேல வருத்தம் இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ரம்பம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். வெளியே கிடந்த பழைய பலகையை எடுத்து, அகலம் சேர்ப்பதற்கு அறுக்க ஆரம்பித்தார். உன்னை விட்டுக்கொடுக்க வந்த மனிதர், நீ என் வீட்டில் உட்கார்ந்து தைப்பதற்குப் பலகை அறுக்கிறார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பலகை அறுபடும்வரைதான் என்னால் தாங்க முடிந்தது. போய் ரம்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, அழுதிருக்கவும் கூடும்.

நீ சொன்னது சரி. சக்கரம் தானாகத் திரும்பவில்லை. அந்தக் குடையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, திருப்பினேன். நீ வருவாய் என்று, குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன். இனி யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் வந்துவிட்டது. இதைச் சொல்வதற்கு ஒரு கடிதம் போதும். எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

நீ இங்கே வந்து தங்க வேண்டாம். அவர் மனிதர் அக்கா. இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. பதிவை ஒரு புதன்கிழமையில் வைத்துக்கொள். எனக்கு இறங்கி வர வசதி. சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன். அன்றைக்கு அவர் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கீழே போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

தம்பி


ஜூன் 4

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கட்டிங் மேசையில் வைத்துப் படித்தேன். நீலத் துணி நான்கு மடிப்பு நனைந்துபோனது. சூப்பர்வைசர் கேட்டதற்குத் தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது என்றேன். பட்டன் பெண்கள் நம்பவில்லை.

ஜூன் கடைசிப் புதன்கிழமை பதிவு. நேரம் வாங்கிவிட்டோம். முந்தின நாளே வந்துவிடு. குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்காதே. மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் வந்து ஒரு மாதம் உன் உயிரை வாங்கப் போகிறோம்.

அவர் ஊர் திரும்பியதும் என்னிடம் மூச்சு விடவில்லை. உன் கடிதம் வந்த பிறகு, மலை ஏறினீர்களாமே என்று பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்றார். அங்கே என்ன பேசினீர்கள் என்றேன். டீ நன்றாக இருந்தது என்றார். இதென்ன பதில் என்று சண்டை போட்டேன். அப்போதும் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்.

"கொஞ்ச தூரம் இறங்கியிருப்பேன். பின்னாலேர்ந்து குரல் கேட்டுது. 'பார்த்து இறங்குங்க மாமா, பாசி வழுக்கும்'னு சொன்னாப்ல. நான் திரும்பிப் பார்க்கலை. பார்த்திருந்தா அன்னிக்கு என்னால இறங்கியிருக்க முடியாது."

இவ்வளவு நீளமாக எழுதினாயே, கழுதை, அந்த ஒன்றை மட்டும் எனக்கு எழுதாமல் விட்டுவிட்டாய்.

உன் அக்கா